பழுப்பு நிறச் செம்பருத்தி

அப்போது எனக்கு நாற்பத்தொன்பது வயது. பினாங்கில், ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டில் நானும் என் கணவரும் மட்டும்தான் இருந்தோம். ஒரே மகள் ஜொகூரில் வேலைக்குப் போய்விட்டாள். நான் ஒரு பல் கிளினிக்கின் முகப்பில் உட்கார்ந்து வருகிறவர்களைப் பதிவு செய்யும் வேலை பார்த்தேன். அவர் ஃபேக்டரி பஸ் ஓட்டினார். விடியுமுன் கிளம்பி, வழியெல்லாம் நின்று நாற்பது பேரை ஏற்றி, பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் இறக்குவார். சாயங்காலம் அவர்களையே திரும்ப அழைத்து வருவார். இருபத்திரண்டு வருடமாக அதுதான் வேலை.

எனக்கு அந்த வருடம் காரணமில்லாத படபடப்பு ஒன்று வந்திருந்தது. கிளினிக்கில் போன் அடித்தாலே நெஞ்சு தூக்கிப்போடும். உள்ளங்கை வேர்த்து, எழுதும் பேனா வழுக்கும். டாக்டரிடம் போனேன். இதயத்தைப் பரிசோதித்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். இந்த வயசில் வருகிற மாற்றம் என்றார். "கைக்கு ஏதாவது வேலை குடுங்க. தைங்க, பின்னுங்க, என்னமாச்சும் செய்யுங்க. போனைத் தள்ளிக்கிட்டு இருக்கிறது கணக்குல வராது."

தையல் எனக்கு வராது. ஊசி கோக்கவே பொறுமை இல்லாதவள் நான். ஆனால் எங்கள் கிளினிக்கில் வேலை செய்த மலாய்த் தாதி மதிய இடைவேளையில் ஒரு புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு கலர் அடிப்பாள். பெரியவர்களுக்கென்றே வரும் புத்தகம். பூக்களும் பறவைகளும் கோடுகளாக மட்டும் இருக்கும், நிறத்தை நாம்தான் நிரப்ப வேண்டும். ஒருநாள் ஒரு தாளைக் கிழித்து, நான்கு பென்சிலோடு என் முன்னால் வைத்தாள். ஒரு இலையைத் தொடங்கினேன். நிமிர்ந்து பார்த்தபோது இடைவேளை முடிந்து பத்து நிமிடம் ஆகியிருந்தது. பல்வலியோடு மூன்று பேர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அந்தச் சனிக்கிழமையே கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த ஒரு பழைய எழுதுபொருள் கடைக்குப் போனேன். கடைக்காரம்மா சீனப் பெண்மணி, என் வயதுதான் இருக்கும். கலர் அடிக்கும் புத்தகம் வேண்டும் என்றதும், பேரப்பிள்ளைக்கா என்று மலாயில் கேட்டார். வெட்கத்தில் ஆமாம் என்றேன். அவர் என் முகத்தைக் கொஞ்சம் பார்த்தார். குழந்தைகள் புத்தகத்தை அடுக்கில் திரும்ப வைத்துவிட்டு உள்ளேயிருந்து வேறொன்றை எடுத்து வந்தார். "இதோட தாளைத் தொட்டுப் பாருங்க. அது வழவழன்னு இருக்கும், கலர் நிக்காது. இது கொஞ்சம் சொரசொரப்பு. உங்களுக்கு இதுதான் சரி." அதற்குப் பிறகு நான் அவரிடம் பொய் சொல்லவில்லை.

முதலில் வாங்கியது மலிவான இருபத்து நான்கு பென்சில் பெட்டி. சீவச் சீவ முனை உடைந்தது. பென்சில் கீழே விழுந்தால் உள்ளேயே நொறுங்கிவிடும் என்பது தெரியாமல் சீவியைத் திட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த மாதம் நல்லதாக ஒரு பெட்டி. மெழுகு அதிகமான பென்சில் வெண்ணெய்போல் இறங்கும், ஆனால் சில நாளில் அதன்மேல் வெளுப்பு பூக்கும். எண்ணெய்ப் பென்சில் கொஞ்சம் கடினம், மெல்லிய கோட்டுக்கு நல்லது. ஒரே தடவையில் அழுத்தித் தேய்க்கக் கூடாது. மெல்ல, வட்டவட்டமாக, ஒன்றின்மேல் ஒன்றாக ஐந்தாறு படிவு போட வேண்டும். கடைசியில் வெள்ளைப் பென்சிலால் தேய்த்தால் தாள் பளபளக்கும். இதையெல்லாம் நானே கெடுத்துக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். சாப்பாட்டு மேசையின் ஒரு முனை என்னுடையதாகிவிட்டது. படபடப்பு முற்றிலும் போகவில்லை, ஆனாலும் சாயங்காலங்களில் என்னைத் தேடி வருவதை விட்டிருந்தது.

பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்து குளித்ததும் அவர் எதிரில் உட்கார்ந்து கிண்டல் பண்ணுவார். "டீச்சர், ஸ்டார் எப்ப குடுப்பீங்க?" என்பார். ஒருநாள் எனக்கும் ஒரு பக்கம் கொடு என்றார். பக்கம் நிறைய ஒரே செடி, நடுவில் பெரிய செம்பருத்தி, இரண்டு ஓரங்களிலும் இலைகளும் மொட்டுகளும். அந்தப் பக்கத்தைக் கொடுத்தேன். முக்கால் மணி நேரம் பேசாமல் அடித்தார். பிறகு தாளை என் பக்கம் தள்ளினார்.

"முடிஞ்சிருச்சு. எப்படி?"

பூ பழுப்பாக இருந்தது. காய்ந்த இரத்தத்தின் நிறம். இரண்டு ஓரத்திலும் இருந்த இலைகளை அவர் தொடவே இல்லை.

"என்னங்க இது, பூ அழுகிப்போயிருக்கு?"

"எங்க அழுகிருச்சு? சிவப்பாத்தானே அடிச்சிருக்கேன்."

"இந்த ஓரமெல்லாம்?"

அவர் தலையை இடப்பக்கம் திருப்பினார், பிறகு வலப்பக்கம். "அட, இது வேற இருக்கா" என்று சிரித்துவிட்டு எழுந்து போனார். நானும் சிரித்தேன். விளையாடுகிறார் என்றுதான் அப்போது நினைத்தேன்.

அன்றிரவு படுத்த பிறகு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. இரண்டு வாரத்தில் மூன்று தேநீர்க் குவளைகளைத் தட்டிவிட்டிருந்தார், மூன்றும் மேசை ஓரத்தில் இருந்தவை. பஸ்ஸின் பக்கக் கண்ணாடி ஒரு கம்பத்தில் இடித்து உடைந்திருந்தது. வாசல் நிலையில் தோளை இடித்துக்கொண்டு "யாரு இதை இங்க வெச்சது" என்று ஒருநாள் கத்தினார். தலைவலி என்று தினமும் மாத்திரை போட்டார்.

மறுநாளிலிருந்து நான் அவரைச் சோதிக்க ஆரம்பித்தேன். பெட்டியில் இருக்கிற எல்லா நிறத்தையும் ஒரு தாளில் கட்டம் கட்டமாகப் போட்டு வைப்பது வழக்கம். எந்தப் பென்சில் தாளில் எப்படித் தெரியும் என்று பார்க்கத்தான். அந்தத் தாளை வைத்துக்கொண்டு, சும்மா கேட்பதுபோல, "இந்தச் சிவப்பு நல்லாயிருக்கா, இந்தப் பழுப்பு நல்லாயிருக்கா?" என்பேன். அவர் பார்ப்பார், தயங்குவார், "ரெண்டும் ஒண்ணுதானே லா" என்பார். அழிப்பானை மேசையின் இடது ஓரத்தில் வைத்துவிட்டு, "அந்த ரப்பரை எடுங்க" என்பேன். அவர் கை மேசையைத் தடவும். மறுநாள் வலது ஓரத்தில் வைப்பேன். நான்கு நாள் இப்படி நடந்தது. என் கையில் பென்சில் ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் என்ன அடித்தேன் என்று எனக்கே தெரியாது. மனம் ஆற வேண்டும் என்று வாங்கிய சாமானை வைத்தே புருஷனை வேவு பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் நேராகவே சொல்லிவிட்டேன். "உங்களுக்குக் கண்ணு சரியாத் தெரியலை. வாங்க, டாக்டர்கிட்ட போவோம்."

அவர் முகம் இறுகியது. "யாரு சொன்னா? போன வருஷம்தான் லைசென்ஸுக்குக் கண்ணைச் செக் பண்ணி கையெழுத்துப் போட்டாங்க. நேரா இருக்கிறது எல்லாம் தெளிவாத் தெரியுது. வேணும்னா அந்தக் காலண்டர்ல இருக்கிற பொடி எழுத்தைப் படிக்கட்டா?" படித்தும் காட்டினார், ஒரு பிழை இல்லாமல்.

"நேராத் தெரியுது. பக்கத்துல?"

"பக்கத்துல நீ இருக்கே. அது நல்லாவே தெரியுது."

வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்பேன். அவர் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கப் போனார். என் சந்தேகம் பொய்யாக இருக்க வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டேன், அதே சமயம் அதை என் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்றும் தோன்றியது. மறுநாள் கிளினிக்குக்கு லீவு சொன்னேன். பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு தோழியைப் பார்க்க வேண்டும், உங்களோடு வருகிறேன் என்றேன். சரி என்றார்.

விடியற்காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினோம். நான் முன்னால், இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்தேன். முதல் இரண்டு நிறுத்தத்தில் ஒன்றும் நடக்கவில்லை. ஏறியவர்கள் "குட் மார்னிங் அங்கிள்" என்றார்கள். ஏறியதும் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார்கள். மூன்றாவது நிறுத்தத்தில் இரண்டு பெண்கள் இடப்பக்கம் கையைத் தூக்கி நின்றார்கள். அவர் நிறுத்தவில்லை. பின்னாலிருந்து ஒரு குரல், "அங்கிள்! ஆள் நிக்குது!" பிரேக் போட்டார். அந்தப் பெண்கள் ஓடி வந்து ஏறினார்கள். "இருட்டுல நின்னா எப்படித் தெரியும்?" என்றார். அவர்கள் தெருவிளக்கின் நேர் கீழே நின்றிருந்தார்கள்.

ஜெலுத்தோங் சந்தையைத் தாண்டிய நாற்சந்தியில் அது நடந்தது. வலப்பக்கச் சாலையிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. ஓட்டியது ஒரு பெண். பின்னால் பள்ளிச் சீருடையில், பெரிய பையோடு ஒரு சின்னப் பெண். மோட்டாரின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் அதைத் தூரத்திலிருந்தே பார்த்தேன். அவரும் பார்த்திருப்பார், இதோ வேகத்தைக் குறைப்பார், இதோ என்று காத்திருந்தேன். அவர் குறைக்கவில்லை.

"நிறுத்துங்க!"

என்னுடைய குரலா என்றே தெரியவில்லை, அப்படி ஒரு அலறல். பஸ் கிறீச்சிட்டு நின்றது. பின்னால் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் முன் இருக்கைகளில் போய் இடித்துக்கொண்டார்கள். மோட்டார் எங்கள் முகப்பை ஒரு முழ இடைவெளியில் கடந்து போனது. அந்தச் சின்னப் பெண் திரும்பி எங்களைப் பார்த்தாள். அவள் அம்மா பார்க்கவில்லை, அவளுக்கு எதுவும் தெரிந்திருக்காது.

"அது லைட்டுப் போடலை" என்றார் அவர்.

அதற்குப் பிறகு அவர் ஊர்ந்துதான் ஓட்டினார். ஃபேக்டரி வாசலில் எல்லோரும் இறங்கினார்கள். கடைசியாக இறங்கிய பெண், "ஆன்ட்டி, நீங்க இல்லாட்டி…" என்று ஆரம்பித்து, அவரைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

காலி பஸ்ஸில் இருவரும் உட்கார்ந்திருந்தோம்.

"லைட்டு எரிஞ்சுது" என்றேன்.

"தெரியும்."

"எவ்வளவு நாளா?"

அவர் இன்ஜினை அணைத்தார். "தீபாவளிக்கு முன்னாடியிருந்து. மெல்ல மெல்லத்தான். திடுதிப்புன்னு ஆள் முளைச்ச மாதிரி வந்து நிப்பாங்க. வயசாச்சு, அதான்னு நெனைச்சேன்."

"டாக்டர்கிட்ட?"

"போனா லைசென்ஸை வாங்கி வெச்சுக்குவாங்க. அப்புறம் திரும்பக் குடுக்க மாட்டாங்க. என்னோட ஓட்டுன ரெண்டு பேருக்கு அப்படித்தான் ஆச்சு." பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார், "யாருகிட்டயும் சொல்லிடாதே. நான் மெதுவா ஓட்டுறேன். தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஓட்டுறேன்."

பஸ்ஸை அங்கேயே விட்டுவிட முடியாது என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு வந்தேன். "இடப்பக்கம் மோட்டார்… ரெண்டு மோட்டார்… வலப்பக்கம் லாரி, நம்மளைத் தாண்டுது… இடப்பக்கம் ஒரு ஆள் ரோட்டைக் கடக்கப் பார்க்கிறாரு…" நான் சொன்ன பக்கமெல்லாம் அவர் தலையைத் திருப்பினார். பினாங்குச் சாலைகளில் காலை ஏழு மணிக்கு எத்தனை மோட்டார் சைக்கிள் ஓடும் என்று எனக்கு அதுவரை தெரியாது. வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது தொண்டை கட்டிப்போயிருந்தது.

அவர் சாப்பிடாமல் படுத்தார். சாயங்காலப் பயணத்துக்கு நான்கு மணிக்கு எழுந்திருக்க வேண்டும். பஸ் சாவி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பென்சில் பெட்டியைத் திறந்தேன், மூடினேன், திறந்தேன். அந்தச் சின்னப் பெண்ணின் முகம் போகவில்லை. சொல்லிடாதே என்ற அவர் குரலும் போகவில்லை. கல்யாணமான இருபத்தாறு வருடத்தில் அவர் என்னிடம் கெஞ்சிக் கேட்டது அந்த ஒன்றுதான்.

இரண்டரை மணிக்குக் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு, பஸ் முதலாளிக்குப் போன் பண்ணினேன். தவுக்கே என்றுதான் அந்த முதலாளியைக் கூப்பிடுவோம், அவருக்கு எங்களை இருபது வருடமாகத் தெரியும். காலையில் நடந்ததைச் சொன்னேன். "சரி, அக்கா. வேற டிரைவரை அனுப்புறேன். அவர்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்று மட்டும் மலாயில் சொன்னார்.

மூன்று மணிக்கு அவருடைய போன் அடித்தது. அறைக்குள் பேச்சு கேட்டது, பிறகு கேட்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றார்.

"நீதானா?"

"ஆமா."

"ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா?"

அவர் ஆணியிலிருந்த சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார், வீசவில்லை. பதினொரு நாள் என்னோடு பேசவில்லை.

ஆனால் கண் டாக்டரிடம் வந்தார். கடிதம் இல்லாமல் பஸ் கிடையாது என்று தவுக்கே சொல்லிவிட்டதால் வந்தார். ஒரு இயந்திரத்துக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். நான் வெளியே உட்கார்ந்து அந்தப் பொத்தான் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். டிக், டிக், பிறகு நீண்ட நேரம் ஒன்றுமே இல்லை. டாக்டர் காட்டிய தாளில் இரண்டு கண்ணுக்கும் வெளிப்பக்கம் முழுக்கக் கறுப்பாக இருந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். மூக்குக்குப் பின்னால், மூளைக்கு அடியில், கண் நரம்புகள் சேர்கிற இடத்தில் ஒரு கட்டி. ஊறிய கொண்டைக்கடலை அளவு என்றார் டாக்டர். புற்றுநோய் மாதிரி தெரியவில்லை, ஆனால் நரம்பை அழுத்துகிறது, விட்டால் பார்வை மொத்தமும் போய்விடும்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று டாக்டர் என்னிடம் கேட்டார். செம்பருத்தியைப் பற்றிச் சொன்னேன். சிவப்புதான் முதலில் மங்கும் என்றார். பிறகு அவரிடம், "என்ன வேலை பார்க்கிறீங்க?" என்றார். "பஸ் டிரைவர்" என்றார் அவர். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அன்று வீட்டுக்கு வரும் வழியில்தான் அவர் வாயைத் திறந்தார். "மூக்கு வழியாவாம். மண்டையைத் திறக்க மாட்டாங்களாம்." பதினொரு நாளுக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

மூன்று வாரத்தில் அறுவை சிகிச்சை. மகள் முந்தின நாளே வந்துவிட்டாள். மருத்துவமனையில் காத்திருக்க நேரம் போகும் என்று புத்தகத்தையும் பென்சில் பெட்டியையும் எடுத்துப் போனேன். ஒரு கோடு போட முடியவில்லை. சீவ மட்டும் முடிந்தது. நீலப் பென்சிலை எடுத்துச் சீவினேன். கூராகியும் நிறுத்தவில்லை. மகள் என் கையைப் பிடித்தபோது விரல்முனை அளவுதான் மிச்சமிருந்தது. மடியெல்லாம் நீலத் துருவல். மூன்று மணி நேரம் என்றவர்கள் ஐந்து மணி நேரமாகியும் வரவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் வேறு யாருடைய பெயரையோ கூப்பிட்டார்கள். என் பழைய படபடப்பு திரும்ப வந்துவிட்டது. இம்முறை அதற்குக் காரணம் இருந்ததால் அதை எதிர்த்துப் போராடவில்லை.

கடைசியில் டாக்டர் வந்தார். கட்டி நரம்போடு ஒட்டியிருந்ததாம், நிதானமாக எடுக்க வேண்டியிருந்ததாம். எடுத்தாகிவிட்டது. பார்வை எவ்வளவு திரும்பும் என்பதைப் பொறுத்திருந்துதான் பார்க்க வேண்டும்.

மறுநாள் மூக்கில் பஞ்சு அடைத்து, முகம் வீங்கிப் படுத்திருந்தார். நான் எந்த நிறத்தையும் காட்டிக் கேட்கவில்லை. இனிமேல் அவரைச் சோதிப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்க வந்தவர்கள் ஒரு தண்ணீர்ப் புட்டியை வைத்துவிட்டுப் போனார்கள். என் கணவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த மூடி சிவப்பா?"

"ஆமா."

"நல்ல சிவப்பு, இல்ல?"

"நல்ல சிவப்பு."

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அழுகிறார் என்று தோள் அசைந்ததில் தெரிந்தது.

நிறம் திரும்பிவிட்டது. ஓரப் பார்வை முழுதாகத் திரும்பவில்லை. வலப்பக்கம் நன்றாகத் தேறியது, இடப்பக்க மேல்மூலை இன்றும் இல்லை. பஸ் லைசென்ஸ் கிடைக்கவில்லை. தவுக்கே பஸ் நிறுத்துமிடத்தில் ஒரு வேலை கொடுத்தார். எந்த டிரைவர் எந்த வழி, எந்த பஸ் பட்டறைக்கு என்று பார்க்கும் வேலை. முதல் மாதம் வீட்டுக்கு வந்தால் யாருடனும் பேச மாட்டார். பிறகு சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது, பழகிவிட்டது.

நான் கலர் அடிப்பதை மூன்று மாதம் விட்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை அந்தக் கடைக்காரம்மாவிடம் போய் ஒரு தண்ணீர்த் தூரிகையும், தண்ணீர் பட்டால் கரையும் பென்சில்களும் வாங்கினேன். பழையதை அப்படியே தொடர மனம் வரவில்லை. இது வேறு வித்தை, நிறம் தானாக ஓடும், நாம் பிடித்து நிறுத்த முடியாது. முதல் பத்துப் பக்கம் சேறாகத்தான் போனது. அவர் எதிரில் உட்கார்ந்து பார்ப்பார். பென்சிலைத் தொடவில்லை.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது திடீரென்று சொன்னார். "என்கிட்ட சொல்லிட்டுப் போன் பண்ணியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா சாவியை எடுத்துக்கிட்டுப் போயிருப்பீங்க."

அவர் சோற்றைப் பிசைந்தார். "போயிருப்பேன்" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. மன்னித்தாரா இல்லையா என்று நானும் கேட்டதில்லை.

இப்போது வீட்டில் கார் ஓட்டுவது நான்தான். லைசென்ஸ் எடுத்துப் பல வருடமாகியும் கோயிலுக்கு ஓட்டியதைத் தவிர எனக்குப் பழக்கமில்லை. விடியற்காலையில் அவரைப் பஸ் நிறுத்துமிடத்தில் விடுவது என் வேலை. முதல் நாள் கார் மூன்று இடத்தில் அணைந்துபோனது. பின்னால் ஹார்ன்.

"கிளட்சை மெதுவா விடு… மெதுவா லா! பஸ்ஸா ஓட்டுறே, இப்படி மிதிக்கிறே?"

"நீங்க கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு வாங்க."

இரண்டு சிக்னல் வரைக்கும் மூடிக்கொண்டு வந்தார். மூன்றாவதில் மறுபடி ஆரம்பித்துவிட்டார்.